அம்மான்ரை கைக்கு 5 ஸ்டார், என்ரை தாடைக்கு 0

இது ஒரு கிறீமுக்கு எழுதிற ரிவியூ. கம்பனிப் பேர் எழுதமாட்டன், ஏனெண்டால் பிழை கம்பனியிலை இல்லை. பெற்றாமெதசோன் வலரேற் 0.1 வீதம், 15 கிராம் ரியூப், வெள்ளைக் கிறீம், மணம் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, யாழ்ப்பாணத்திலை எந்தப் பாமசிக்குப் போனாலும் ஏதோ ஒரு பேரிலை கிடைக்கும், விலையும் ஒரு கொத்துரொட்டியை விடக் குறைவுதான். ஸ்டெரொயிட் கிறீம் எண்டு சொல்லுறது இதைத்தான். இந்த ஒரு ரியூப் எங்கடை வீட்டிலை துவங்கி நாலு பேரின்ரை தோலிலை ஏறி இறங்கினது, நாலு பேருக்கும் நாலு விதமான முடிவு, அதாலை மொத்தமா இத்தினை ஸ்டார் எண்டு போட ஏலாது, ஆர் எங்கை பூசினது எண்டு பிரிச்சுத்தான் போடலாம்.

ரியூப் வீட்டுக்கு வந்தது நேர்வழியிலைதான். அம்மாவுக்கு வலக்கை விரலெல்லாம் தோல் தடிச்சு, வெடிச்சு, ஒரே கடி. மீன் வெட்டுறது, சவுக்காரம் போட்டு உடுப்புத் தோய்க்கிறது, சட்டி பானை மினுக்கிறது எண்டு நாள் முழுக்க அந்தக் கை தண்ணிக்கைதான் கிடக்கும். மாசி மாசம் பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன், காலமை 6 மணிக்குப் போய் நம்பர் எடுத்து, வாங்கிலிலை இருந்து இருந்து நாரி நொந்து, கடைசியிலை டொக்டர் பாத்தது அஞ்சு நிமிசம், ஆனால் அந்த அஞ்சு நிமிசத்திலை சொல்லவேண்டிய எல்லாம் சொல்லிப்போட்டா. இரவிலை ஒருக்கா மட்டும், 2 கிழமை, அதோடை நிப்பாட்டு. பகல்லை வெறும் களிம்பு. எவ்வளவு பூசுறது எண்டதையும் விரலைப் பிடிச்சுக் காட்டி விட்டவ.

அந்த விரல் கணக்கு நல்ல கணக்கு. சுட்டுவிரல் நுனியிலை இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ரியூபாலை ஒரு கோடு பிதுக்கினால் அது கிட்டத்தட்ட அரைக் கிராம். விரலுகளையும் சேத்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது காணும். 1991இலை லோங், பின்லே எண்டு ரெண்டு பேர் அளந்து எழுதி வைச்ச விசயம் இது, இப்ப உலகம் முழுக்கத் தோல் டொக்டர்மார் இதைத்தான் சொல்லிக் குடுக்கினம். அம்மாவுக்கு ஒரு கை விரலுகள் மட்டும் எண்டபடியால் அரை விரல் நுனி காணும், அதாவது கால் கிராம். மூண்டாம் நாள் கடி நிண்டிட்டுது, பத்து நாளிலை வெடிப்பு மூடி, இடியப்பம் பிழியேக்கை எரியேல்லை எண்டு அவவே சொன்னவ. 5 ஸ்டார், கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கோ. 14 இரவு, இரவுக்குக் கால் கிராம், மொத்தம் மூண்டரைக் கிராம். ரியூபிலை இருந்தது 15. மிச்சம் பதினொண்டரைக் கிராம் பிரிட்ஜ் கதவுத் தட்டிலை நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலை போய்க் குந்தினது. எங்கடை அம்மா மருந்தை எறியிற ஆளில்லை, "கிடக்கட்டும், ஆருக்கும் உதவும்" எண்டவ. உதவினதுதான், உதவின வடிவைத்தான் எழுதப்போறன்.

முதல்லை எடுத்தது அப்பா. அப்பா கோண்டாவில்லை தோட்டம் செய்யிறவர், வெங்காயம், மிளகாய், அந்தச் செம்பாட்டு மண்ணுக்கை வெறுங்காலோடை நிண்டு நிண்டு ரெண்டு குதிக்காலும் வெய்யிலுக்கு வெடிச்ச குளம் மாதிரி. அம்மான்ரை வெடிப்புக்குக் கேட்ட மருந்து தன்ரை வெடிப்புக்கும் கேக்கும்தானே எண்டு நினைச்சு ரெண்டு கிழமை பூசினார். ஒரு மாற்றமும் இல்லை. "உது சும்மா வெண்ணெய்" எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டு மூடியைக்கூட ஒழுங்காப் பூட்டாமல் வைச்சிட்டார். பேந்து ஆரோ தோட்டத்திலை சொல்லி, பூசிப்போட்டு அதுக்கு மேலை சொப்பிங் பையைச் சுத்திக் கட்டிக்கொண்டு படுத்தவர், அப்ப கொஞ்சம் மெதுவா வந்ததாம். குதிவெடிப்புக்கு இது மருந்தே இல்லை, அது வேற கதை, ஆனால் அந்தச் சொப்பிங் பை விசயம் விசரன் வேலை இல்லை எண்டது எனக்குப் பிறகுதான் விளங்கினது. அப்பான்ரை பக்கத்திலை இருந்து 2 ஸ்டார், அதுவும் பைக்கு.

அடுத்தது நான்.

எனக்கு ரவுணிலை ஒரு போன் திருத்திற கடையிலை வேலை. முதலாளி ஷேவ் எடுக்காமல் வந்தால் முகத்தைச் சுழிப்பார், அதாலை தினமும் ஷேவ். அதோடை முழு ஹெல்மெற், அதின்ரை நாடாப் பட்டி தாடையிலை உரஞ்சும், சித்திரை வெக்கை, வேர்வை, எல்லாம் சேந்து ரெண்டு பக்கத் தாடையிலையும் சிவப்புச் சிவப்பாப் பொருக்கு, கடி. ஒரு நாள் இரவு பிரிட்ஜைத் திறந்து தண்ணி எடுக்கேக்கை ரியூப் கண்ணிலை பட்டுது. கடிக்குத்தானே எண்டு கொஞ்சம் பூசிப்போட்டுப் படுத்தன். காலமை எழும்பிக் கண்ணாடியைப் பாத்தால் நம்பேலாமல் இருந்தது, சிவப்பே இல்லை, கடி இல்லை, பூசின இடம் மற்ற இடத்தை விட ஒரு சுத்து வெளிச்சுக்கூடத் தெரிஞ்சுது. ரெண்டு கிழமை கழிச்சு ஒரு சாமத்தியவீட்டிலை மாமி என்னைப் பிடிச்சு வைச்சு, "என்னடா தம்பி, முகம் வெளிச்சுப்போச்சு, ஏதும் பூசுறியோ?" எண்டு கேட்டவ. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு, ஒளிக்க என்ன இருக்கு.

மாமி கண்ட அந்த வெளிச்சம் அழகு இல்லை. ஸ்டெரொயிட் தோலுக்குள்ளை இறங்கினால் அங்கை இருக்கிற சின்னச் சின்ன இரத்தக் குழாயெல்லாம் சுருங்கும், ரத்தம் குறைய ஓடினால் தோல் வெளிறும், அவ்வளவுதான். 1962இலை மக்கென்சி, ஸ்ரோட்டன் எண்டு ரெண்டு பேர் இதையே ஒரு டெஸ்ற் ஆக்கினவை: கையிலை மருந்தைத் தடவி விட்டு, அந்த இடம் எவ்வளவு வெளிறுது எண்டு பாத்து, எந்த மருந்து எவ்வளவு வீரியம் எண்டு தரம் பிரிக்கிறது. இண்டைக்கும் அந்த முறை இருக்கு. அதாவது மாமி ஒரு லாப் வேலையைச் சாமத்தியவீட்டு வாசல்லை நிண்டு வெறுங்கண்ணாலை செய்து முடிச்சிட்டா, எனக்குத்தான் ரிசல்ற் விளங்கேல்லை.

பிறகு நான் நிப்பாட்டேல்லை. காலமை ஷேவ் எடுத்த கையோடை ஒருக்கா, இரவு படுக்கேக்கை ஒருக்கா, விரல் நுனிக் கணக்கும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. அம்மான்ரை மிச்சம் முடிஞ்சு நானே பாமசிக்குப் போனன். டொக்டரின்ரை துண்டு கேட்டுத்தான் தரவேண்டிய மருந்து இது. கடையிலை நிண்ட பெடியன் என்னைக் கேட்ட ஒரேயொரு கேள்வி, "அண்ணை, சின்னனோ பெரிசோ?" பெரிசு எண்டன். எந்தக் கடை எண்டு கேக்காதேங்கோ, சொல்லமாட்டன், அந்தக் கேள்வியை மட்டும் கேக்கிற கடை ஒண்டு ரெண்டு இல்லை.

வைகாசி, ஆனி, ஆடி போச்சு. ஆடி முடிவிலை கொழும்புக்கு ஒரு அலுவலா நாலு நாள் போனனான், ரியூபை எடுக்க மறந்திட்டன். மூண்டாம் நாள் முகம் பத்தத் துவங்கினது, பச்சை மிளகாயைத் தேய்ச்சு விட்ட மாதிரி, தண்ணி பட்டாலும் எரிவு, தாடை முழுக்கத் தக்காளிச் சிவப்பு. வீட்டை வந்து இறங்கி, பாக்கைக்கூடக் கழட்டாமல் முதல்லை பிரிட்ஜைத்தான் திறந்தன். பூசினன், விடிய அடங்கிட்டுது. அப்ப நான் நினைச்சது என்னெண்டால், ஆ, நல்ல மருந்து, இது இல்லாமல் எனக்கு ஏலாது. நல்லூர்த் தேரண்டைக்கு வெய்யில்லை நிண்டன், அரை மணித்தியாலத்திலை முகம் தீப்பிடிச்ச மாதிரி, கும்பிடுறனோ முகத்தைப் பொத்துறனோ எண்டு எனக்கே தெரியேல்லை. அண்டைக்குப் பின்னேரம் அம்மா லைற்றுக்குக் கீழை என்னை இருத்தி வைச்சுப் பாத்தவ. வாயைச் சுத்திக் குருக்குருவாய்ச் சின்னப் பரு, இடப்பக்கத் தாடையிலை சிலந்திவலை நூல் மாதிரி சிவப்புக் கோடுகள், கன்னம் வெங்காயச் சருகு மாதிரி மினுங்குது. "என்னடா இது?" எண்டவ. நான் ரியூபைக் காட்டினன். அவ ஒண்டும் பேசேல்லை, தன்ரை கையைப் பாத்தா, என்ரை முகத்தைப் பாத்தா.

அடுத்த நாள் தோல் டொக்டர் ஒருத்தரைப் பிறைவேற்றிலை காட்டினன், வயசான மனுசன், மெதுவாக் கதைப்பார்.

"எவ்வளவு காலம் பூசினனீர்?"

"நாலு மாசம் வரும் டொக்டர்."

"ஷேவ் எடுக்க முந்தியோ, பிந்தியோ?"

"எடுத்த உடனை."

மனுசன் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார். பிறகு ஒரு துண்டை எடுத்து ஒரு ஆளின்ரை படம் கீறினார், பள்ளிக்கூடப் பிள்ளையள் கீறிற மாதிரி வட்டத் தலை, குச்சிக் கை கால். முன்னங்கையிலை 1 எண்டு எழுதினார். "முன்னங்கை உள்பக்கத்தை ஒண்டு எண்டு வையும். அதோடை ஒப்பிட்டு மற்ற இடமெல்லாம் எவ்வளவு உறிஞ்சும் எண்டு போடுறன்." உள்ளங்காலிலை 0.14. உள்ளங்கையிலை 0.83. முதுகிலை 1.7. உச்சந்தலையிலை 3.5, கமக்கட்டிலை 3.6. நெத்தியிலை 6. தாடையிலை பேனையை வைச்சு என்னை ஒருக்கா நிமிர்ந்து பாத்திட்டு 13 எண்டு எழுதினார். அந்தப் படம் இப்பவும் என்ரை பர்சுக்கை கிடக்கு.

இந்த இலக்கங்களைப் பேந்து தேடி வாசிச்சனான். பெல்ட்மன், மைபக் எண்டு ரெண்டு பேர் 1967இலை செய்த வேலை. ஹைட்ரோகோட்டிசோன் எண்ட ஸ்டெரொயிட்டிலை கதிரியக்க அடையாளம் ஒண்டைச் சேத்து, ஆக்களின்ரை உடம்பிலை ஒவ்வொரு இடமாத் தடவி, அஞ்சு நாள் மூத்திரத்தைச் சேத்து எடுத்து அதுக்கை எவ்வளவு வந்திருக்கு எண்டு அளந்தவை. முன்னங்கையிலை பூசினதிலை நூறிலை ஒரு பங்குதான் உள்ளுக்கை போனது, மிச்சம் மேலையே நிண்டு உதிர்ந்தோ கழுவுப்பட்டோ போட்டுது. அந்த ஒண்டை வைச்சுப் பாத்தால்தான் 13 எண்டது என்ன எண்டு விளங்கும். வேற மருந்துகளுக்கு இலக்கம் கூடிக் குறையும், ஆனால் ஏணிப்படி வரிசை பெரிசா மாறாது, பாதம் அடியிலை, முகம் மேலை. அப்பான்ரை உள்ளங்காலுக்கும் என்ரை தாடைக்கும் 90 மடங்குக்கு மேலை வித்தியாசம். ஒரே ரியூப், ஒரே வீடு. அப்பாவுக்கு வெண்ணெய், எனக்கு அசிட்.

ஏன் இப்பிடி எண்டால் எல்லாம் தோலின்ரை மேற்படையிலை இருக்கு. உயிரில்லாத தட்டைக் கலங்கள், பெரும்பாலான இடங்களிலை ஒரு 15, 20 அடுக்கு, மொத்தத் தடிப்பு 10இலை இருந்து 20 மைக்ரோமீற்றர் வரைதான், கொப்பி ஒற்றை ஒண்டு இதை விட எத்தினையோ மடங்கு மொத்தம். எங்கடை பழைய கிடுகு வேலியை நினைச்சுக்கொள்ளுங்கோ, கிடுகுக்கு மேலை கிடுகு மேவி அடைச்சிருக்கும், மழை வழிஞ்சு ஓடும், நாய் பூராது. தோலிலை கிடுகு எண்டது அந்தச் செத்த கலங்கள், இடையிலை இருக்கிற நீக்கலெல்லாம் கொழுப்பாலை பூசி மெழுகியிருக்கு. மருந்து கலங்களை ஊடறுத்துக்கொண்டு போறது குறைவு, கூட இந்தக் கொழுப்பு நீக்கலுக்கை வளைஞ்சு வளைஞ்சுதான் உள்ளுக்கை இறங்கும். அதாலை கொழுப்பிலை கரையிற சாமானா இருக்கவேணும், மூலக்கூறும் பெரிசா இருக்கக்கூடாது, 500 டோல்ரனுக்கு (மூலக்கூறின்ரை நிறையைச் சொல்லுற அலகு) மேலை போனால் வேலியிலை தடங்கிப்போகும். பெற்றாமெதசோன் வலரேற் 477 அளவு, பூரும். அந்த வலரேற் எண்ட வாலைக் கொழுவி விட்டதே அதை இன்னும் கொழுப்பிலை கரையப் பண்ணத்தான், வால் இல்லாத வெறும் பெற்றாமெதசோன் தோலிலை இவ்வளவு வேலை செய்யாது.

உள்ளங்காலிலை வேலி மதில் மாதிரி மொத்தம். முகத்திலை வேலியும் மெல்லிசு, அதோடை மயிர்த்துளையும் எண்ணெய்ச் சுரப்பியும் நிறைய, அதுகளும் ஒரு குறுக்குப் பாதை. கண் இமை இன்னும் மோசம், உடம்பிலையே மெல்லிய தோல், கண்ணைச் சுத்தி நெடுகப் பூசினால் கண்ணுக்கை அழுத்தம் கூடிற வியாதியும் வரலாம் எண்டு டொக்டர் தனியாச் சொன்னவர்.

நான் செய்தது என்ன? பிளேட்டாலை வேலியின்ரை மேல் கிடுகை உரிச்சுப்போட்டு, சுடுதண்ணியாலை கழுவி ஊற வைச்சுப்போட்டு, மருந்தைப் பூசி, அதுக்கு மேலை ஹெல்மெற்றைப் போட்டு மூடிக்கொண்டு 40 நிமிசம் வெக்கைக்கை ஓடினன். ஈரமும் சூடும் மூடலும் மூண்டும் உறிஞ்சலைக் கூட்டும், மூடிக் கட்டினாலே பத்து மடங்கு அளவுக்குக் கூடும் எண்டு அளந்திருக்கினம், அப்பான்ரை சொப்பிங் பை வேலை செய்ததும் அதாலைதான். டொக்டர்மாரே சில இடத்துக்குப் பொலித்தீன் சுத்தச் சொல்லுறவை, ஆனால் அது எத்தினை மணித்தியாலம், எத்தினை நாள் எண்டு சொல்லி. எனக்கு அதைச் சொன்னது ஒருத்தரும் இல்லை, ஹெல்மெற் சட்டம்தான்.

இன்னொரு கெட்ட விசயம், பூசப் பூச அந்தக் கொழுப்பு மெழுகலே குறையும், கீழை தோலைத் தாங்கிற நாருகள் ஊறுறதும் குறையும். தோல் மெலிய, மெலிஞ்ச தோலாலை இன்னும் கூட மருந்து இறங்கும், இறங்க இன்னும் மெலியும். நிப்பாட்டினால், இவ்வளவு நாளும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்த இரத்தக் குழாயெல்லாம் ஒரேயடியா விரியும். கொழும்பிலை எனக்கு வந்த பச்சை மிளகாய் எரிவு அதுதான். நான் அதை நோய் எண்டு நினைச்சு அந்த மருந்தையே திரும்பப் பூசினன்.

இடையிலை ஒரு கெட்டித்தனமும் செய்தனான், அதையும் சொல்லோணும். வீரியத்தைக் குறைப்பம் எண்டு வெள்ளை லோசனோடை பாதிக்குப் பாதி கலந்து பூசினனான். டொக்டர் சிரிச்சார். கலந்தால் வீரியம் அந்தக் கணக்குப்படி பாதியாகாதாம், அந்த அளவிலை இருக்கிறதே தோலுக்குத் தாராளம். குறைஞ்ச மருந்து வேணுமெண்டால் ஏணியிலை கீழ்ப் படியிலை இருக்கிற மருந்தை எடுக்கோணும். பிரிட்டிஷ்காரர் வீரியத்தை நாலு படியாப் பிரிச்சிருக்கினம், ஹைட்ரோகோட்டிசோன் 1 வீதம் கடைசிப் படி, எங்கடை ரியூப் ரெண்டு படி மேலை, குளோபெற்றசோல் உச்சி. அந்த உச்சி மருந்து கிழமைக்கு 50 கிராமுக்கு மேலை, ரெண்டு கிழமைக்கு மேலை பூசக்கூடாது எண்டு எழுதியே இருக்கு, ஏனெண்டால் உடம்பு முழுக்க அள்ளிப் பூசினால் இரத்தத்திலை கலந்து, சிறுநீரகத்துக்கு மேலை இருக்கிற சுரப்பி தன்ரை வேலையை நிப்பாட்டிப்போடும்.

ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பூசினதும் வீண். 1963இலை விக்கேர்ஸ் எண்டவர் கண்டது, ஸ்டெரொயிட் அந்தச் செத்த படைக்கை தேங்கி நிக்கும், பூசிக் கழுவிச் சில நாளுக்குப் பிறகும் அந்த இடத்தைத் திரும்ப மூடிக் கட்டினால் புதுசாப் பூசாமலே தோல் வெளிறும். கிணத்திலை தண்ணி இருக்கேக்கை வாளியாலை வேற கொண்டுவந்து ஊத்திற வேலைதான் நான் செய்தது. என்ரை தாடைக்கு 0 ஸ்டார்.

இனி நாலாவது ஆள். இது எழுதவோ விடவோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சனான், அவனிட்டைக் கேட்டன், "பேர் போடாமல் எழுது மச்சான், ஆருக்கும் புத்தி வரட்டும்" எண்டான். அவன் ஓட்டோ ஓடுறவன், நாள் முழுக்க ஜீன்ஸோடை சூடான சீற்றிலை இருப்பு, தொடைச் சந்திலை படர்தாமரை. வைகாசியிலை ஒரு நாள் கடை வாசல்லை ஓட்டோவை நிப்பாட்டி, "மச்சான், உன்ரை முகத்துக்கு என்னவோ பூசுறியாம், கடிக்குக் கேக்குமோ?" எண்டு கேட்டான். நான் பெரிய கொடை வள்ளல் மாதிரி பாக்குக்கை இருந்த ரியூபை எடுத்து நீட்டினன்.

ரெண்டு நாளிலை கோல் எடுத்தான், கடி சுத்தமா நிண்டிட்டாம், கோயில்லை அர்ச்சனை செய்யிற மாதிரி என்னை வாழ்த்தினான். நடந்தது என்னெண்டால், படர்தாமரை ஒரு பங்கசு, அதாவது பூஞ்சணம், கடியும் சிவப்பும் உடம்பு அதோடை சண்டை பிடிக்கிறதாலை வாறது. ஸ்டெரொயிட் சண்டையை நிப்பாட்டும், பங்கசை ஒண்டும் செய்யாது. காவல்காரனை நித்திரையாக்கிப்போட்டுக் கள்ளனுக்குப் படலை திறந்து விட்ட மாதிரி. ஒரு மாசத்திலை அது வட்டமும் இல்லை விளிம்பும் இல்லை எண்ட வடிவிலை தொடை, குண்டி, இடுப்பு எண்டு போய், முதல் பாத்த டொக்டருக்கே இது படர்தாமரைதானோ எண்டு சந்தேகம் வந்து சுரண்டி எடுத்து டெஸ்ற் பண்ணவேண்டி வந்தது. அதோடை தொடைச் சந்து எண்டது தோலும் தோலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இடம், தானே மூடிக் கட்டின மாதிரி, வேர்வை வேற. உள் தொடையிலை ஊதா நிறத்திலை கோடு கோடாத் தோல் கிழிஞ்ச அடையாளம், பிள்ளை பெத்த வயிறு மாதிரி. பங்கசுக்கு மாசக்கணக்கிலை குளிசை போட்டு அது மாறிட்டுது. கோடு மாறாது, மங்கும், அவ்வளவுதான்.

டொக்டர் கீறின படத்தை அவனுக்குக் காட்டினன். படத்திலை நான் இன்னும் சொல்லாத ஒரு இலக்கம் இருக்கு, குச்சி மனுசன்ரை ரெண்டு காலுக்கும் நடுவிலை. 42. அவன் வாசிச்சான், திரும்ப வாசிச்சான். "நாற்பத்திரண்டோ? இது என்ன பஸ் நம்பரோ?" எண்டான். உடம்பிலை அளந்த இடங்களிலையே உச்சம் அதுதான், விதைப்பைத் தோல், முன்னங்கையின்ரை 42 மடங்கு. மைனஸ் ஸ்டார் போட இடமிருந்தால் அவனுக்காகப் போட்டிருப்பன், எனக்கும் சேத்து, குடுத்தது நான்தானே.

எனக்கு மாற மூண்டு மாசத்துக்கு மேலை எடுத்தது. முதல் ரெண்டு கிழமை நரகம், கிறீம் முற்றா நிப்பாட்டு, முகத்துக்கு வாசமில்லாத களிம்பு மட்டும், பருவுக்குக் குளிசை, ஷேவ் எடுக்கக்கூடாது. முதலாளியிட்டை டொக்டரின்ரை கடிதம் காட்டித்தான் தாடி விட்டனான். கடைக்கு வாற சனம் எல்லாம் "ஆருக்குத் தம்பி விரதம்?" எண்டு கேட்டுதுகள். இடப்பக்கத் தாடையிலை ரெண்டு சிவப்பு நூல் மட்டும் இன்னும் கிடக்கு, அது போகாதாம்.

மார்கழியிலை அக்கா வவுனியாவிலை இருந்து பிள்ளையோடை வந்தவ. எட்டு மாசப் பிள்ளை, நப்பி போட்ட இடம் சிவந்து கிடந்தது. அவை வெளிக்கிடேக்கை அம்மா வடகம், மிளகாய்த்தூள், ஒடியல் மா எண்டு கட்டிக் குடுத்த பையை நான்தான் பஸ்ஸடிக்குக் காவினனான், ஏதோ நினைச்சு உள்ளுக்கை கையை விட்டுப் பாத்தால், ஒடியல் மாவுக்குக் கீழை ரியூப். பிள்ளைக்கு நிறையோடை பாக்கேக்கை தோல் எங்களை விடக் கூட, நப்பி எண்டது சொப்பிங் பையின்ரை வேலையைத்தான் செய்யும். நடு றோட்டிலை நிண்டு சத்தம் போட்டன். "நான் கொஞ்சமாத்தான் பூசச் சொன்னனான்" எண்டு அம்மா பிறகு சொன்னவ. அக்கா பிள்ளைகள் டொக்டரிட்டைக் காட்டினவ, நப்பியைக் கழட்டிக் காத்துப் பட விட்டு, நாகக் (சிங்க்) களிம்பு பூசினதோடை மாறிட்டுது.

தையிலை அம்மான்ரை கை திரும்ப வெடிச்சது, பொங்கலுக்கு வீடு கழுவினதுதான் காரணம். இந்த முறை கிளினிக் துண்டோடை வேற ஒரு பாமசிக்குப் போனன், ஒரு பெட்டை நிண்டவ, 25 வயசும் இராது. துண்டை வாசிச்சிட்டு, "ஆருக்கு அண்ணை? எங்கை பூசுறதுக்கு?" எண்டு கேட்டவ. கை எண்டன். "முகத்துக்கு ஒருத்தரும் எடுக்கமாட்டினம்தானே?" எண்டு கேட்டுப்போட்டு என்ரை தாடையைப் பாத்தா, நான் ஒண்டும் சொல்லேல்லை, அவவும் ஒண்டும் கேக்கேல்லை, சின்ன ரியூபைத்தான் எடுத்துத் தந்தவ. அந்தக் கேள்விக்கு 5 ஸ்டார். கிறீமோ ஒயின்மென்றோ எண்டும் கேட்டவ, ஒயின்மென்ற் எண்ணெய்த்தன்மை எண்டபடியால் தானே கொஞ்சம் மூடிப் பிடிக்கும், உள்ளுக்கை கூட இறங்கும், வெடிச்ச வறண்ட கைக்கு அது நல்லமாம். துண்டிலை கிறீம் எண்டு இருந்தபடியால் மாத்தேல்லை. அம்மாவுக்கும் ஒயின்மென்ற் விருப்பமில்லை, கதவுப் பிடியெல்லாம் பிசுபிசுக்கும் எண்டுவா.

ரியூபிலை நான் கறுப்பு மாக்கராலை "கை மட்டும்" எண்டு எழுதி விட்டனான். அம்மா களிம்பு பூசின கையோடை தொட்டுத் தொட்டு இப்ப "மட்டும்" அழிஞ்சு போச்சு, இண்டைக்குப் பின்னேரம் வேற மாக்கர் வாங்கிக்கொண்டு வரோணும்.